கழிக்க வேண்டிய எடை

1

காலை ஐந்து மணி பதினேழு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது என் மகளின் முதுகு. அஜ்மானில் நாங்கள் குடியிருக்கும் பதினோராவது மாடி வீட்டில், ஹால் ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தாள். எதிரே கட்டி முடியாத கட்டடம். அதன் கிரேன் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு. அவள் இடது கண்ணைக் கையால் மூடி அதைப் பார்த்தாள். பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தாள். மறுபடியும் இடது.

"என்னம்மா பண்ணுத?"

"அப்பா, அந்த லைட் என்ன கலர்?"

"சிவப்பு."

"ரைட் ஐக்கு ரெட்தான். லெஃப்ட் ஐக்கு வேற மாதிரி இருக்குப்பா. ரொம்ப நாள் வெயில்ல கெடந்த ரெட்."

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அது. ஐந்து நாற்பதுக்குள் வண்டியை எடுக்காவிட்டால் ஷார்ஜாவைத் தாண்டுவதற்குள் சாலை அடைத்துக்கொள்ளும். "ராத்திரி பூரா போனைப் பாத்தா அப்படித்தான் இருக்கும், கண்ணுக்கு ரெஸ்ட் குடு" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தேன். அதைச் சொன்னபோது மணி ஐந்து இருபது.

2

என் மகள் பெயர் கோமதி. இருபது வயது. ஷார்ஜாவில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். ஒரு வயதில் எங்கள் கையில் இந்த நாட்டுக்கு வந்தவள். தோழிகளுக்கு அவள் கோமி. போனில் அந்தப் பெயருக்குத் திரும்பும்போது அவள் குரலே மாறிவிடும். அந்தக் குரலில் அவள் பேசும் ஆங்கிலத்தில் பாதி எனக்குப் பிடிபடாது.

நான் திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் துணை ஆசிரியராக இருந்தவன். மருத்துவச் செய்திகள் என் மேசைக்கு வரும். நிருபர் 'காரணம்' என்று எழுதியிருப்பார். நான் அதை அடித்துவிட்டு 'தொடர்பு' என்று போடுவேன். இரண்டும் ஒன்றல்ல என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். கடந்த பத்தொன்பது வருடமாகத் துபாய் அல் கூஸில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். ஜூஸ் டப்பா, பிஸ்கட் உறை, சிப்ஸ் பாக்கெட். ஆங்கிலம் எனக்கு, அரபு பக்கத்து மேசை எகிப்துக்காரருக்கு. நூறு மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்ற கட்டத்தில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் நான்தான் பிடிக்க வேண்டும். பிடித்திருக்கிறேன்.

மாதிரிக்கென்று வரும் பெட்டிகளில் மீந்ததை நாங்கள் பங்கிட்டுக்கொள்வோம். கோமதி சிறுமியாக இருந்த காலத்தில் வியாழக்கிழமை மாலைகளில் என் கார் டிக்கியில் ஒரு பெட்டியாவது இருக்கும். லிஃப்ட் கதவு திறக்கும்போதே அவள் வாசலில் நிற்பாள்.

3

மூன்றாம் நாள் கண்ணை அசைத்தாலே வலிக்கிறது என்றாள். கண் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணில் ஒன்றுமில்லை, பின்னாலிருக்கும் நரம்பில்" என்று சொல்லி நரம்பியல் டாக்டருக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே ஸ்கேன். ஸ்கேனுக்கு முன் இன்ஷூரன்ஸ் அனுமதி.

படிவத்தில் ஒரு கேள்வி: முதல் அறிகுறி எந்தத் தேதியில்? அந்தச் செவ்வாய்க்கிழமையை எழுதினேன். திரும்பி வந்தது. அதற்கு முன்பு எதுவும் இருந்ததா என்று தெளிவாக எழுதச் சொன்னார்கள். எழுதுவதற்காகத்தான் கோமதியிடம் கேட்டேன்.

"போன நோன்பு மாசம் லெஃப்ட் ஃபுட் மரத்துப்போச்சு. ரெண்டு வாரம். அப்புறம் போயிடுச்சு."

"எங்ககிட்ட ஏன்மா சொல்லல?"

"சொன்னேனே. ஏசி காத்து நேரா கால்ல படுதுன்னு நீங்க கட்டிலைத் திருப்பிப் போட்டீங்க."

கட்டிலைத் திருப்பியது நினைவிருக்கிறது. எதற்காகத் திருப்பினேன் என்பது மறந்துவிட்டது. அந்தத் தேதியையும் எழுதி அனுப்பினோம். ஆறாம் நாள் அனுமதி வந்தது.

ஸ்கேன் படத்தை டாக்டர் திரையில் காட்டினார். சூடான் நாட்டுப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், அவசரமில்லாத பேச்சு. மூளையின் சாம்பல் நிறத்தில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். வயருக்கு மேலுறை இருப்பதுபோல நரம்புக்கும் உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே அந்த உறையை அரிக்கின்றன, என்றார். கண்ணுக்கு ஸ்டீராய்டு ஏற்றுவோம், பார்வை பெருமளவு திரும்பும். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மருந்து. படிப்பு, வேலை, கல்யாணம் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இது கூடவே இருக்கும்.

கோமதி அவரிடம் வேகமான ஆங்கிலத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் படித்துவிட்டிருந்தாள். நானும் என் மனைவி செல்வியும் சுவரோரம் போட்ட இரண்டு நாற்காலிகளில், வழிக்குத் துணையாக வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தோம்.

"ஏன் எனக்கு?" என்று கடைசியாகக் கேட்டாள்.

ஒரே விடை கிடையாது என்றார் டாக்டர். பரம்பரையில் கொஞ்சம். இளவயதில் பலருக்கும் வந்துபோகும் ஒரு வைரஸ். வைட்டமின் டி குறைவு; இவ்வளவு வெயிலுள்ள நாட்டில் அவர் பார்க்கும் பிள்ளைகள் பலருக்கும் அது குறைவு. சிகரெட் புகை. இன்னொன்று, வளரும் பருவத்தில் உடல் பருமன். பெண் பிள்ளைகளுக்குக் குறிப்பாக. கொழுப்பு சும்மா கிடக்கும் சுமை அல்ல, உடம்புக்குள் தணலைப் போல ஓர் அழற்சியை அணையாமல் வைத்திருக்கிறது, வைட்டமினையும் ரத்தத்தில் சேரவிடாமல் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது என்றார். என் முகத்தில் என்ன கண்டாரோ, என் பக்கம் திரும்பினார்.

"இது தொடர்புதான். காரணம் என்று நான் சொல்லவில்லை. குண்டாக இருந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இது வருவதே இல்லை. ஒல்லியானவர்களுக்கும் வருகிறது."

பிறகு விசைப்பலகையில் கையை வைத்தபடி கேட்டார். "பதினொன்றிலிருந்து பதினெட்டு வரை இவள் எடை என்ன? சிகிச்சை இதனால் மாறப்போவதில்லை. வரலாற்றில் சேர்க்கத்தான். ஏதாவது பதிவு இருக்கிறதா?"

"இல்லை" என்றேன். "வீட்டில் அப்படியெல்லாம் எடை பார்க்கும் வழக்கமில்லை."

கோமதி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

4

பொய் சொல்லும் எண்ணம் அப்போது எனக்கில்லை. இதை எழுதித்தான் ஆகவேண்டும். உண்மையிலேயே நினைவில்லை. திரும்பி வரும் வழியில், ஷார்ஜாவில் வண்டிகள் நகராமல் நின்ற இடத்தில், முன்னால் நின்ற டாக்ஸியின் டிக்கி கயிறு கட்டித் திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெட்டிகள். யாரோ ஊருக்குப் போகிறார்கள். அப்போது நினைவு வந்தது.

வளைகுடாவில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். லீவுக்குப் போகும்போது ஆளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு. ஒரு கிலோ கூடினாலும் கவுண்டரில் பெட்டியைத் திறந்து, பின்னால் நிற்பவர்கள் பார்க்க, பால் பவுடரையும் சென்ட் பாட்டிலையும் வெளியே எடுக்க வேண்டும். அதனால் வீட்டிலேயே எடை போடுவோம். ஆள் ஏறி நிற்கும் தராசில் பெட்டியை நேராக வைத்தால் எண் தெரியும் இடம் மறைந்துவிடும். ஆகவே ஓர் ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுவார். பிறகு பெட்டியில்லாமல் ஏறுவார். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தால் பெட்டி. கொக்கித் தராசு ஒன்றும் வாங்கினோம்; முதல் வருடமே கொக்கி வளைந்தது.

எனக்கு இடுப்பில் டிஸ்க் விலகியதிலிருந்து தனியாகத் தூக்கக் கூடாது. செல்வி ஏறினால் கால் நடுங்கி எண் ஓடிக்கொண்டேயிருக்கும். கோமதிக்குப் பதினோரு வயதான லீவில் அவளை ஏற்றினோம். நானும் செல்வியும் பெட்டியைத் தூக்கி அவள் கைகளில் கொடுத்து, மூன்று எண்ணும் வரை விட்டுவிடுவோம். அவள் அசையவே மாட்டாள்.

"பாத்தியளா, தூண் கணக்கா நிக்கா!" என்று செல்வி சிரிப்பாள். "உங்களால ஆவாதது எம்பிள்ளையால ஆவுது."

கோமதிக்குப் பெருமை. அதன்பின் ஒவ்வொரு லீவுக்கும் அவளே முன்வந்து ஏறினாள். பள்ளியில் எந்த விளையாட்டிலும் சேராத பிள்ளைக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே பந்தயம் அதுதான்.

நான் எண்களை ஒரு தாளில் எழுதுவேன். பழைய உத்தியோகப் பழக்கம். எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் நம்புவேன். மூன்று பத்திகள். முதலாவது, 'பெட்டியோடு'. இரண்டாவது, 'கழிக்க வேண்டியது'. மூன்றாவது, 'பெட்டி'. தாளைப் பெரிய பெட்டியின் மூடிக்குள், உள்துணியில் டேப் போட்டு ஒட்டியிருந்தேன்.

5

வீட்டுக்கு வந்ததும் செல்வி கோமதியோடு படுக்கையறைக்குப் போனாள். நான் நாற்காலி போட்டு அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினேன். இடுப்பு வலிக்கவில்லை.

கழிக்க வேண்டியது: 49. 57. 65. அதற்கடுத்த வருடம் கொரோனாவில் விமானங்கள் நின்றிருந்தன. நாங்கள் ஊருக்குப் போகவில்லை. பெட்டி இல்லாததால் அந்த வருடம் அவளுக்கு எடையும் இல்லை. அதற்கடுத்து 84. பிறகு 86, 87, 78, 70.

மூன்றாவது பத்தியில் மட்டும் சில எண்களை நான் வட்டமிட்டிருந்தேன். அனுமதித்த அளவைத் தாண்டிய இடங்கள் அவை. ஒரு வருடம் பெட்டி ஒன்றரைக் கிலோ கூட. அன்று வீடே பதறியது நினைவிருக்கிறது. செல்வி பெட்டியைத் திறந்து எதை எடுப்பது, எதை வைப்பது என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதே வரிசையில் நடுப் பத்தியில் 84 இருக்கிறது. இரண்டு வருடத்தில் பத்தொன்பது கிலோ. அதைச் சுற்றி எதுவும் இல்லை.

அந்த மூடிய வருடத்தில் மூவரும் இந்த வீட்டுக்குள்ளேயே இருந்தோம். அவள் வகுப்பு கட்டில் மேல், லேப்டாப்பில். பால்கனிக்குப் போனால் செல்வி உள்ளே கூப்பிடுவாள்: "வெயில்ல நிக்காதட்டி, கறுத்துப் போவ." லீவுக்கு ஒரு மாதம் முன்பிருந்து எல்லா வருடமும் அது சட்டம். ஊரில் இறங்கும்போது பிள்ளை வெளுப்பாக இருக்க வேண்டும், கொஞ்சம் பூசினாற்போலவும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் துபாய் நல்லபடியாகப் போகிறது என்று பொருள்.

திருவனந்தபுரத்தில் இறங்கிப் பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்ததும் என் அக்கா முதலில் கோமதியின் கன்னத்தைத்தான் பிடிப்பாள். "எய்யா, என்னா கொழுகொழுன்னு! இங்க கெடக்கதெல்லாம் கொத்தவரங்கா மாதிரி இருக்கு. தம்பி, பிள்ளைய நல்லா வச்சிருக்கடே." எனக்கு அது பாராட்டுப் பத்திரம். கோமதிக்குப் பதினேழு வயதானபோது அதே அக்கா அதே கன்னத்தைப் பிடித்து, "கொஞ்சம் வத்தணும்லா? நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்லா?" என்றாள். கோமதி சிரித்துக்கொண்டே கையை விலக்கினாள். அந்த லீவு முழுக்க அவள் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் பதில் சொன்னதாக நினைவு.

தாளின் ஓரத்தைப் பிடித்தேன். டேப் காய்ந்திருந்தது, இழுத்தால் வந்துவிடும். கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சிகிச்சை மாறப்போவதில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். கொடுத்தால், கோமதி அதைப் படிப்பாள். படித்தால், வருடா வருடம் அவள் உடம்பைக் கண்ணெதிரே எழுதி வைத்துக்கொண்டு, அதைப் படிக்காமல் பெட்டியை மட்டும் படித்த அப்பாவை அவள் பார்ப்பாள்.

கிழிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை. பெட்டியை மூடி மறுபடி மேலே ஏற்றினேன்.

6

மூன்று மாதம் அப்படியே போனது. ஸ்டீராய்டு ஏற்றினார்கள். கண் திரும்பியது, சிவப்பு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. புதிய மருந்தின் முதல் தவணை முடிந்தது. அக்காவிடம் போனில், "கண்ணுல கொஞ்சம் இன்ஃபெக்‌ஷன்" என்றேன். "பொன்னாங்கண்ணி குடுடே, எல்லாம் சத்துக் கொறவு" என்றாள். சரி என்றேன். ஊர் வரைக்கும் போகாத செய்தி எங்கள் வீட்டில் இது ஒன்றுதான்.

வேலையில் ஒரு மாற்றம். ஒரு மாம்பழ ஜூஸ் டப்பாவின் புரூஃபில், வழக்கமாக அரை நிமிடத்தில் தாண்டும் கட்டத்தின் முன் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எகிப்துக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, தப்பா?" என்றார். "இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது" என்றேன். "அப்போ கலாஸ், வேலை முடிந்தது, கையெழுத்தைப் போடு" என்றார். போட்டேன்.

கார் பார்க்கிங்கில் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பள்ளிப் பேருந்திலிருந்து லிஃப்டுக்கு இருபது அடி. நிழலிலேயே நடந்து வருகிறார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வராது. டாக்டர் சொன்னது சரி. நானும் என் பழைய நாளிதழ் மேசையில் அப்படித்தான் திருத்தியிருப்பேன். இருந்தும் லிஃப்டில் யாராவது பிள்ளை கையில் எங்கள் அச்சகத்து டப்பாவைக் கண்டால் எந்த மாடி என்று பார்க்காமல் இறங்கிவிடுகிறேன்.

7

ஜூன் கடைசியில் லீவு. புறப்பட நான்கு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை பகலில், செல்வி பெட்டியைக் கட்டினாள். நான் கொக்கித் தராசு ஒன்று வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். அதை எடுப்பதற்குள் கோமதி குளியலறையிலிருந்து பழைய தராசைத் தூக்கி வந்து தரையில் வைத்தாள்.

"குடுங்க. என் டியூட்டிதானே."

"வேண்டாம்டி. நான் ஏறுதேன்" என்றாள் செல்வி.

"நீ ஏறினா நம்பர் டான்ஸ் ஆடும். குடும்மா."

கொடுத்தோம். ஒன்று, இரண்டு. அவள் இடது முழங்கால் உள்ளே மடிந்தது. செல்வி அவளைப் பிடித்தாள், நான் பெட்டியைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் ஜிப் பிரிந்து மூடி விழுந்து திறந்தது. தாள் எங்கள் மூவருக்கும் நடுவில் இருந்தது.

கோமதி தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு விரலால் நடுப் பத்தியைத் தொட்டாள்.

"டாக்டர் கேட்டப்போ நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப நெசமாவே ஞாபகம் இல்லம்மா" என்றேன். "அப்புறம் ஞாபகம் வந்துது. நீ படிக்க வேண்டாம்னு..."

"எனக்குத் தமிழ் படிக்க வரும்பா. ஃபோர்த் வரைக்கும் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "ஒவ்வொரு இயரும் படிப்பேன். நீங்க பெட்டியைப் பூட்டறதுக்கு முன்னாடி. வேற எங்கயும் நான் வெயிட் பாக்க மாட்டேன். ஸ்கூல் நர்ஸ் ரூம்னா பாத்ரூம்ல போய் ஒளிஞ்சுக்குவேன். இங்க மட்டும்தான் ஏறுவேன். ஏன்னா இங்க யாரும் என்னைப் பாக்க மாட்டீங்க. பெட்டியைத்தான் பாப்பீங்க."

செல்வி அழ ஆரம்பித்தாள்.

"அம்மா, ஸ்டாப். இன்னொன்னு சொல்லணும். டாக்டர்ட்ட கரெக்டா சொல்லணும்லா? இந்த நம்பர் எல்லாம் கம்மி. பதிமூணு வயசுலேர்ந்து, வெயிட் போடறதுக்கு முந்தின நாள் நான் சாப்பிட மாட்டேன். தண்ணிகூட. ஃப்ரெண்ட் வீட்ல சாப்ட்டேன்னு சொல்லிடுவேன்."

"எப்பமாவது ஒருக்கா பட்டினி கெடந்தியா, இல்ல..." என்று செல்வி ஆரம்பித்து நிறுத்தினாள்.

"எவ்ரி இயர்."

ஒன்பது வருடம் நாளிதழில் நான் பிழைதிருத்தம் எழுதியிருக்கிறேன். நேற்றைய செய்தியில் இந்த எண் தவறு, இப்படி வாசிக்கவும் என்று. பென்சிலை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் 65-இல் தொடங்கி ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் ஒரு சின்ன கூட்டல் குறி போட்டாள். எவ்வளவு என்று அவளுக்கும் தெரியவில்லை. பிறகு டேப்பை மெதுவாக உரித்துத் தாளை எடுத்தாள்.

"நீங்களே குடுக்கணும்" என்றாள். "நான் குடுக்க மாட்டேன்."

8

இரண்டு நாள் கழித்து, ஊருக்குப் போகுமுன் டாக்டரைப் பார்க்கும் முறை. இந்தமுறை கோமதி சுவரோர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நான் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்து தாளை மேசையில் வைத்தேன். சென்ற முறை நான் இல்லை என்று சொன்னது தவறு, பதிவு இருக்கிறது என்றேன். என் ஆங்கிலம் புரூஃப் பார்க்கப் போதுமானது; பேசும்போது திக்கும். திக்கியே சொன்னேன். கூட்டல் குறிகள் ஏன் என்பதையும் சொன்னேன்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுப் பத்தியின் தலைப்பில் விரலை வைத்தார். "இங்கே என்ன எழுதியிருக்கிறது?"

நான் சொன்னேன்.

அவர் தாளிலிருந்து நிமிரவில்லை. "இந்த மூன்றாவது பத்தி?"

"அது பெட்டியின் எடை" என்றாள் கோமதி பின்னாலிருந்து.

டாக்டர் எட்டு வருடத்து எண்களையும் அவற்றின் வயதோடு கணினியில் ஏற்றினார். மூன்றாவது பத்தியை ஏற்றவில்லை.